மினமாட்டா குளியல் படம்: பெற்றோர் "போதும்" என்றபோது விட்டுக்கொடுத்தது சரிதானா?

நீலா

படத்தை இங்கே ஒட்டவில்லை. பார்த்தவர்களுக்குச் சொன்னாலே போதும்: ஜப்பானிய வீட்டுக் குளியல் தொட்டி, சுற்றிலும் இருட்டு, ஒரு பக்கமிருந்து விழும் வெளிச்சம், தண்ணீரில் அமர்ந்திருக்கும் அம்மா, அவள் கையில் விரல் மடங்கி உடம்பு விறைத்த பதினைந்து வயது மகள். அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். மகளின் கண் எங்கோ மேலே. அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971 டிசம்பரில் எடுத்தது. 1972 ஜூனில் லைஃப் இதழில் வந்து உலகம் முழுக்கச் சுற்றியது.

பின்னணி தெரியாதவர்களுக்காக: மினமாட்டா தெற்கு ஜப்பானில் கியூஷூ தீவில் உள்ள ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் 1932 முதல் 1968 வரை அங்கே பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவெல்லாம் கடலுக்கு. கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் ஏறியது. பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்ததை ஊரே பார்த்தது. 1956 மே 1 அன்றுதான் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலை மருத்துவமனையின் டாக்டர் ஹொசோகாவா 1959-இல் ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண் போட்ட பூனைக்கு அதே நோய் வந்தது. நிறுவனம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அனுதாபத் தொகை என்று கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, ஆலைதான் காரணம் என்று பின்னால் தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்று மீனவக் குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டது. அரசு வாய் திறந்து ஒப்புக்கொள்ள 1968 செப்டம்பர் ஆகிவிட்டது.

ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீன் மியோக்கோ ஸ்மித்தும் 1971 செப்டம்பரில் அங்கே குடிபோனார்கள். மூன்று மாத வேலை என்று நினைத்துப் போனவர்கள் மூன்று ஆண்டு தங்கினார்கள். அந்த மகள் 1977-இல், 21 வயதில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு ஸ்மித்தும் போய்விட்டார். காப்புரிமை அய்லீனிடம் இருந்தது. 1998-இல் அய்லீன், அந்த ஒரு படத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். மகள் இனி ஓய்வெடுக்கட்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், புதிதாக வெளியிடக் கேட்டு வந்தவர்களுக்கு அய்லீன் அனுமதி மறுத்தார்.

எங்கள் புகைப்பட வட்டத்தில் இதைச் சொன்னபோது பாதிப்பேர் கொதித்துவிட்டார்கள். உலகத்துக்குச் சொந்தமான படத்தை ஒரு குடும்பம் எப்படி மூடிவைக்கலாம் என்று. அய்லீன் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. அந்தப் பெண்ணின் பெயரையும் அதனால்தான் எழுதவில்லை. இங்கே உள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஏடு

நீலா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் என்னால் ஒப்ப முடியவில்லை. நான் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

அநீதி செய்தவர்களுக்கு வேண்டியது மறதி. மினமாட்டாவில் நோயாளி என்று அரசு சான்று கொடுத்தது, நீகாட்டா என்ற இன்னொரு ஜப்பானியப் பகுதியில் பின்னால் வந்த அதே நோயையும் சேர்த்துச் சுமார் 3,000 பேருக்குத்தான். சான்று கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்கள் இன்றைக்கும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படம் தேவைப்படாதா? அந்தப் பெண்ணின் பெற்றோருடைய துக்கம் அவர்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படம் வெளிவந்த நாளிலிருந்து மற்ற நோயாளிகளின் வழக்கும் அதற்குள் வந்துவிட்டது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 1959-இல் நிறுவனம் பணத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியது என்று. திரும்பக் கேட்கும் உரிமை குடும்பத்திடம் இருந்தால், நாளைக்கு இன்னொரு நிறுவனம் இன்னொரு ஏழைக் குடும்பத்தின் வாசலில் போய் நின்று, இந்தா பணம், அந்தப் படத்தைத் திரும்பக் கேள் என்று சொல்லுமே? நல்ல எண்ணத்தில் கொடுக்கும் உரிமை, பலம் உள்ளவன் கைக்குத்தான் கடைசியில் போகும். நாற்பது வருடம் கழித்து வருகிறவனுக்கு என்ன மிஞ்சும்?

கியூஷூவாசி

ஏடு சார், நான் குமமோட்டோ மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். மினமாட்டாவுக்கு இங்கிருந்து ரயிலில் போய்விடலாம். உங்கள் கேள்விக்கு ஒரு பதில் 1973 தீர்ப்பிலேயே இருக்கிறது.

நோயாளிகளின் குடும்பங்கள் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் 1973 மார்ச் 20 அன்று தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்தின் அலட்சியம் நிரூபணமாயிற்று. 1959-இல் வாங்கிய அந்தக் கையெழுத்து நியாயத்துக்குப் புறம்பானது, செல்லாது என்றும் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கை நிமிர்த்தியதில் பெரிய பங்கு டாக்டர் ஹொசோகாவாவின் வாக்குமூலத்துக்கு உண்டு. 1970 ஜூலையில், புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, 400-ஆம் பூனையைப் பற்றிச் சொன்னார். அக்டோபரில் இறந்துபோனார். ஸ்மித் ஊருக்குள் வரும்போது அந்த வாக்குமூலம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

தொப்புள்கொடிக் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜப்பானில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து, சின்னப் பெட்டியில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். நம் ஊரில் தாயத்தில் வைத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி. டாக்டர் ஹராடா மசாசுமியும் மற்றவர்களும் வீடு வீடாகப் போய் அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கிப் பாதரசத்தை அளந்தார்கள். எந்த ஆண்டு பிறந்த குழந்தைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஆலை உற்பத்தி கூடக்கூட கொடியிலும் கூடியிருந்தது. நீங்கள் தேடும் ஆவணம் அதுதான் சார். குளியல் படம் பெட்டிக்குள் போனதால் இதில் ஒன்றும் குறையவில்லை.

பெற்றோர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அந்த அம்மா மகளைப் புதையல் என்றுதான் சொல்வாராம். வயிற்றில் இருந்தபோது தன் உடம்பின் விஷத்தையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் தானும் பின்னால் பிறந்த பிள்ளைகளும் தப்பினோம் என்று. படம் பிரபலமானதும் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது: மகளைக் காட்டிப் பணம் பண்ணுகிறார்கள் என்று. அவர்கள் எடுக்க ஒப்புக்கொண்டது, இந்த மாதிரி மாசு இன்னொரு இடத்தில் வரக்கூடாது என்பதற்காக. அதற்குப் பலன் இந்தப் பேச்சு. 1997-இல் ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிறுவனம், நூற்றாண்டின் முக்கியமான படங்கள் வரிசையில் இதைச் சேர்க்க அனுமதி கேட்டபோதுதான் அப்பா முடியாது என்றார். மகள் இறந்து இருபது வருடம் ஆகியும் அவள் உடம்பு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடம் பொறுத்தவர்களிடம் இன்னும் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது?

தறி

நான் புதுசு, தப்பா இருந்தா மன்னிக்கவும். ஸ்மித் மூணு மாசத்துக்குப் போய் மூணு வருஷம் இருந்தார்னா, அத்தனை நாள் சோத்துக்கு என்ன பண்ணார்? பத்திரிகை பணம் கொடுத்துச்சா? படம் எடுக்க எதுக்கு மூணு வருஷம்? நோய் இருக்கு, ஆலை இருக்கு, ஒரு மாசத்துல எடுத்துட முடியாதா?

நீலா

தறி, நல்ல கேள்வி. இதில் மன்னிப்பு எதற்கு.

பணக் கஷ்டம் அவருக்கு எப்போதும் உண்டு. 1955-இல் பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றி நூறு படம் வேண்டும் என்று அனுப்பினார்கள். சில வாரத்து வேலை. அவர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே கிடந்து ஏறத்தாழ 17,000 நெகட்டிவ் சேர்த்தார். கடைசிவரை அவர் நினைத்த மாதிரி அது வெளிவரவே இல்லை. மினமாட்டாவில் சுகினோவுரா என்ற மீனவக் குடியிருப்பில் வாடகை வீடு எடுத்து, அக்கம்பக்கத்தார் சாப்பிடுவதையே சாப்பிட்டு வாழ்ந்தார்கள்.

ஏன் மூன்று வருடம் என்று கேட்டாய். நோயாளியின் கையை ஒரே நாளில் எடுத்துவிடலாம். வழக்கை? அவர்கள் அங்கே இருந்த காலத்தில்தான் கவாமோட்டோ தெருவோ தலைமையில் நோயாளிகள் டோக்கியோவில் நிறுவனத் தலைமையகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். 1971 டிசம்பரில் உட்கார்ந்தவர்கள் 1973 ஜூலையில் ஒப்பந்தம் ஆகும்வரை எழுந்திருக்கவில்லை. மழை, பனி, போலீஸ், பேச்சுவார்த்தை மேசை, மேசைக்கு எதிர்ப்பக்கம் தலை குனிந்து நிற்கும் நிறுவனத் தலைவர். இதையெல்லாம் முன்கூட்டியே யார் தேதி போட்டுச் சொல்வார்கள்? கூடவே இருந்தால்தான் கிடைக்கும். 1972 ஜனவரியில் கோயி என்ற ஊரில் நிறுவனத்தின் இன்னொரு ஆலைக்கு நோயாளிகளோடு போனபோது ஆலை ஆட்கள் ஸ்மித்தைப் புரட்டி எடுத்தார்கள். அதில் பட்ட காயத்தால் கண் பார்வை கெட்டது. 1945-இல் ஓகினாவாப் போரில் குண்டுச் சிதறல் பட்ட உடம்பு வேறு.

அடி வாங்கிய பிறகு நிறைய நாள் கேமராவைத் தூக்கியது அய்லீன். மினமாட்டாவைப் பற்றி இருவரும் போட்ட புத்தகத்தில் அவர் எடுத்த படங்கள் கணிசம், அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆனால் மினமாட்டா என்றதும் ஸ்மித் பெயரை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஜப்பானிய அம்மாவுக்குப் பிறந்தவர், மொழி தெரிந்தவர், வீட்டுக்குள் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசியவர் அவர். அவர் இல்லாமல் அந்தக் குளியலறைக்குள் ஸ்மித் எப்படி நுழைந்திருப்பார்?

குவாபாரா ஷிசேய் பெயரையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் புகைப்படக்காரர். லைஃப் கட்டுரைக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், 1960-லேயே மினமாட்டாவுக்குப் போய் எடுக்கத் தொடங்கி, 1962-இல் டோக்கியோவில் கண்காட்சி வைத்தவர். அப்போது அரசு ஆலையைக் கைகாட்டவே இல்லை. நீண்டகால ஆவணப் படம் என்றால் என்ன என்று கற்க விரும்புகிறவர்கள் அவர் படங்களிலிருந்து தொடங்கலாம்.

மாட்டுத்தாவணி

நீலாக்கா, கொஞ்சம் நம்ம பக்கம் வாறேன். இழையை வேற எங்கயும் இழுக்கல, ஒரே கேள்விதான்.

மலக்குழியில ஆள் செத்தா மறுநாள் என்ன படம் வருது? கயிறு கட்டித் தூக்குற உடம்பு. சுத்தி நிக்கிற போலீஸ். மூஞ்சி தெரியும். ரெண்டு நாள் போகும், மறந்துருவாங்க. ஆனா அந்தப் படம் இணையத்துல அப்படியே கிடக்கும். செத்தவர் பொண்ணு பள்ளிக்கூடத்துல அப்பா பேரைத் தட்டிப் பாத்தா அதுதான் வரும். 1993-லயே தடைச் சட்டம், 2013-ல புதுச் சட்டம். 2014-ல உச்ச நீதிமன்றம், 1993-க்குப் பிறகு செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கணும்னுச்சு. 2023-ல அதை 30 லட்சம் ஆக்குச்சு. சட்டம் ஏறிக்கிட்டே போகுது, ஆளும் குழிக்குள்ள இறங்கிக்கிட்டேதான் இருக்கான்.

இதுல வேற மாதிரிப் படம் எடுத்தவர் நம்ம மதுரைக்காரர் எம். பழனிக்குமார். அம்மா மீன் விக்கிறவங்க, கடன் வாங்கித்தான் கேமரா வாங்குனார். துப்புரவுத் தொழிலாளிகளோட வருஷக்கணக்கா இருந்து எடுத்தார். குழியில செத்தவங்களோட பிள்ளைகளை எடுத்து 'நானும் ஒரு குழந்தை'னு கண்காட்சி வச்சார். அந்தப் படங்கள்ல செத்த உடம்பு கிடையாது. பிள்ளைங்க நேரா உங்களையே பாப்பாங்க. நீங்கதான் கண்ணைத் திருப்பணும்.

நான் கேக்குறது இதுதான். ஏடு சார் சொல்ற 'உலகத்துக்குச் சொந்தம்' எப்பவும் ஏழை உடம்பு, கீழ்ச்சாதின்னு தள்ளிவச்ச உடம்பு மேலயே ஏன் வருது? ஒரு பெரிய முதலாளி வீட்டுப் பிள்ளை நோயில கிடந்தா, குளிக்கிற இடத்துல போய் எடுத்து உலகத்துக்குச் சொந்தம்னு சொல்லுவமா? மினமாட்டாவுலயும் ஒதுக்கிவச்சாங்கன்னு படிச்சிருக்கேன். நோயாளி வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம், தொத்து நோய்னு பக்கத்துல வர மாட்டாங்களாம். அந்தக் குடும்பம் 'போதும்'னு சொல்றதை அந்த இடத்துலருந்து கேக்கணும்.

ஏடு

மாட்டுத்தாவணி தம்பி, உங்கள் கேள்வி என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. முதலாளி வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் புகைப்படக்காரர் எர்னஸ்ட் கோலை எப்படிப் பார்ப்பீர்கள்? தென்னாப்பிரிக்காவில் நிறவெறி உச்சத்தில் இருந்த காலம். கறுப்பின இளைஞர். எங்கும் நடமாட அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால், தன்னைக் கலப்பினத்தவர் என்று பதிவுசெய்ய வைத்தார். சுரங்கத்துக்குள் கேமராவைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து எடுத்துப்போனார். அங்கே எடுத்த ஒரு படம்: மருத்துவச் சோதனைக்காக, வேலைக்கு வந்த ஆண்களைச் சுவர் ஓரமாக அம்மணமாக, கையைத் தூக்கி வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். அவர்களிடம் கோல் எப்படி ஒப்புதல் கேட்டிருப்பார்? கேட்ட நிமிடமே கேமராவோடு அவரையும் பிடித்துப் போயிருப்பார்கள். 1966-இல் நாட்டை விட்டு வெளியேறி, 1967-இல் நியூயார்க்கில் புத்தகம் போட்டார். சொந்த நாட்டில் அது தடை. அவர் ஊர் திரும்பவே இல்லை. 1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையான அடுத்த வாரம் நியூயார்க்கில் இறந்தார். எங்கேயோ தொலைந்தது என்று நினைத்த அவருடைய சுமார் 60,000 நெகட்டிவ்கள் 2017-இல் ஸ்வீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் கிடைத்தன.

அந்த வரிசையில் நின்ற ஒருவரின் பேரன் வந்து, தாத்தாவை இப்படிக் காட்டாதே என்றால்? அந்தப் படம்தான் அந்த ஆட்சி மனிதனை எப்படி நடத்தியது என்பதற்குச் சாட்சி. அதை எடுத்தவரும் அதே சீட்டுச் சட்டத்தில் மாட்டியிருந்தவர். அதை மூடு என்று என்னால் சொல்ல முடியாது.

நீலா

ஏடு சார், கோல் படத்தை மூடச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். அந்தப் படத்தில் ஒருவருடைய முகமும் தெரியாது, முதுகுதான். அவர் காட்டியது ஒரு முறையை, அதிகாரம் மனிதரை வரிசையில் நிறுத்தும் விதத்தை. இங்கே ஒரு வீட்டின் கதவைத் தட்டி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த பிறகு எடுத்த படம். இரண்டுக்கும் கடமை வேறு. ஒளிந்து எடுக்கவேண்டிய இடத்தில் ஒளிந்துதான் எடுக்கவேண்டும். வீட்டுக்குள் கூப்பிட்டவர்களுக்கு, போ என்று சொல்லும் உரிமையும் இருக்கவேண்டும்.

தறி கேட்ட 'ஏன் மூணு வருஷம்' என்பதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோத்தியா லாங் எடுத்த அந்தப் புலம்பெயர்ந்த தாயின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1936 மார்ச், கலிபோர்னியாவில் நிபோமோ என்ற இடம், பட்டாணி பறிக்க வந்தவர்களின் கூடாரம். லாங் சில நிமிடம் நின்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை என்று அவரே பின்னால் எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அரசு வேலையாக எடுத்த படம் என்பதால் காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 1978-இல்தான் அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சொன்னார். நாற்பத்திரண்டு வருடம் கழித்து. அவர் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பார்? கேட்டாலும் யாரால் கொடுக்க முடியும்?

மினமாட்டாவின் அப்பா அம்மாவுக்குக் கேட்க ஆள் இருந்தார். இருபத்தாறு வருடம் கழித்தும் அய்லீனை அவர்களுக்குத் தெரியும், அய்லீனுக்கு அவர்களைத் தெரியும். நீண்டகாலப் படம் என்று நாம் சொல்லும்போது, எடுக்கச் செலவான காலத்தை மட்டுமே எண்ணுகிறோம். எடுத்து முடித்த பிறகு எத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் பதில் சொல்கிறோம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். என்னைக் கேட்டால் பெரிய பகுதி அதுதான்.

நிறுவனம் பணம் கொடுத்துத் திரும்பக் கேட்க வைக்கும் என்ற உங்கள் பயம் நியாயமானது சார். அதையும் கண்டுபிடிக்கக் கூடியவர் அந்தக் குடும்பத்தோடு பழகிக்கொண்டே இருப்பவர்தான். மிரட்டலில் கேட்கிறார்களா, மனதாரக் கேட்கிறார்களா என்று தூரத்தில் இருக்கும் பதிப்பாளருக்கோ அருங்காட்சியகத்துக்கோ எப்படித் தெரியும்?

கோடைமலை

மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மினமாட்டா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது தெரியும்தானே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து கழற்றி 1983-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துப் போராடினார்கள். அத்தோடு ஆலை மூடியது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது. பதினைந்து வருடம்.

நான் பார்த்த படங்களில் பெரும்பாலும் வருவது பூட்டிய கேட், கண்ணாடிக் குவியல், கையில் பதாகை. மினமாட்டாவில் நோய் உடம்பை வளைத்தது, கேமராவுக்குத் தெரிந்தது. இங்கே தொழிலாளர்கள் சொன்னதெல்லாம் சிறுநீரகம், நரம்பு, கை நடுக்கம், மறதி. படத்தில் எப்படிக் காட்டுவீர்கள்? ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகிற, சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் அடுக்கி வைத்திருக்கிற, கேட்ட தேதி நினைவுக்கு வராமல் மனைவியைத் திரும்பிப் பார்க்கிற மனிதரை ஒரு நாளில் எடுக்க முடியாது. வருடக்கணக்கில் கூட இருந்தால்தான் தெரியும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்துக்கு 2013-இல் மினமாட்டா பெயரையே வைத்தார்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2018-இல் சேர்ந்தது. எங்கள் மலையின் கதையையும் அந்த வரிசையில் யாராவது பொறுமையாக எடுத்து வைக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

மாட்டுத்தாவணி

கோடைமலை அண்ணே, அந்தப் பிளாஸ்டிக் பை சொன்னீங்க பாருங்க, அதுதான் படம்.

நான் செய்யுறதைச் சொல்றேன். ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போனா, அடுத்த தடவை பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போவேன். அவங்க கேக்குற படத்தைத்தான் முதல்ல போடுவேன். பெரும்பாலும் பிள்ளைங்க சட்டை மாத்தி, தலை சீவி நிக்கிற படமாத்தான் இருக்கும். ஒரு அக்கா, புருஷன் குழியில போனவர், கண்காட்சியில அவங்க படம் இருந்துச்சு. பொண்ணு கல்லூரிக்குப் போகப் போறா, அங்க யாரும் பாத்துருவாங்க, எடுத்துருப்பான்னாங்க. மறுநாளே இறக்கிட்டேன். கண்காட்சி நடத்துனவங்களுக்குக் கோபம், சுவத்துல ஒரு இடம் காலியாப் போச்சுன்னு. காலியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அந்த அக்கா வீட்டுக்கு இன்னைக்கும் போறேன், சாப்பாடு போடாம அனுப்ப மாட்டாங்க.

ஏடு

ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறேன். முழுதாக மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஆவணத்தை அழிக்காமல், பார்வைக்கு மட்டும் மூடிவைப்பது. இத்தனை ஆண்டு திறக்கக்கூடாது, அல்லது இன்னார் அனுமதியில்லாமல் திறக்கக்கூடாது என்று எழுதி உள்ளே வைப்போம். ஸ்மித்தின் ஆவணங்கள் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் புகைப்பட மையத்தில் இருக்கின்றன. அச்சான பழைய புத்தகங்களும் இதழ்களும் நூலகங்களில் இருக்கின்றன. நிறுத்தியது புதிய வெளியீட்டைத்தான், எரிக்கவில்லை. இப்படிப் பார்த்தால் ஆராய்ச்சியாளனாக எனக்குப் பெரிய இழப்பு இல்லை. சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் அந்தப் பெண் வராமல் இருந்தாள், அவ்வளவுதான். அது எனக்கும் சம்மதம்.

ஆனால் ஒன்று. ஸ்மித்தின் மினமாட்டா நாட்களைப் பற்றி 2020-இல் வந்த 'மினமாட்டா' திரைப்படத்தில் அந்தக் குளியல் காட்சி மறுபடி வந்தது. ஒரு முறை உலகம் பார்த்த படத்தை முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் எடுக்கிறவர்கள் முதலிலேயே அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுப்பது பொய்.

நீலா

இதை அப்படியே ஏற்கிறேன் சார். இணையத்துக்குப் போனால் என் கையை மீறிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்புதல் கேட்கவேண்டும். 1971-இல் ஸ்மித்துக்கு இந்தக் கவலை இவ்வளவு இல்லை. நமக்கு இருக்கிறது.

தறி

நான் கேட்க வந்ததே இதுக்குத்தான். எங்க பக்கம் நூல் மில்லுல விடுதியில தங்கி வேலை பாத்த பொண்ணுங்க இருக்காங்க. சுமங்கலித் திட்டம்னு சொல்லி, மூணு வருஷம் முடிஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னு கூட்டிட்டுப் போனது. முடிக்காம வந்தவங்களுக்கு அந்தப் பணமும் இல்ல. என் சித்தி பொண்ணும் அதுல ஒருத்தி. அவங்களை வச்சு ஒரு நீண்ட வேலை பண்ணணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது அக்கா? முகம் காட்டலாமா?

நீலா

தறி, இப்போது உள்ளே வேலையில் இருக்கிறவர்களை எடுக்காதே. படம் வெளிவந்தால் வேலை போகும், விடுதியிலிருந்தும் அனுப்புவார்கள். வெளியே வந்துவிட்டவர்களிடமிருந்து தொடங்கு. உன் சித்தி மகளே முதல் ஆள். அவள் சம்பளச் சீட்டு, தகரப் பெட்டி, அடையாள அட்டை, இரவு ஷிப்டுக்குப் போட்டுப் போன செருப்பு, இதையெல்லாம் அவள் வைத்திருக்கிறாளா என்று கேள். அவளே எடுத்துக் காட்டட்டும். கேமரா கொஞ்ச நாளைக்குப் பைக்குள்ளேயே இருக்கலாம், பேச்சைப் பதிவு செய், அதுவும் கேட்டுவிட்டு.

முகம் விஷயத்தில் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக முடிவுசெய்யட்டும். அம்மா அப்பா சொன்னார்கள் என்பதற்காக எடுக்காதே, அவளிடம் கேள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடாக இருந்தால் இன்னும் காத்திரு. வேலைக்குப் போனபோது பதினெட்டு ஆகாதவள் என்றால், இப்போது வளர்ந்தவளாக அவள் என்ன சொல்கிறாள் என்பதுதான் கணக்கு. பழனிக்குமார் எடுத்த மாதிரிச் சின்னப் பிள்ளைகளை நீ எடுக்க நேர்ந்தால், பதினெட்டு ஆனதும் மறுபடி போய்க் கேட்பேன் என்று இன்றைக்கே குறித்துவை.

ஒப்புதல் தாளைத் தமிழில் எழுது, அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழில். எங்கெல்லாம் வரும், எதை என்னால் நிறுத்த முடியும், எதை முடியாது என்று மூன்று வரி. இரண்டு பிரதி. ஒன்று அவர்களிடம் இருக்கவேண்டும். அதில் உன் நம்பர் மட்டும் போதாது. எடுத்தவர் போன பிறகும் கேட்க அய்லீன் இருந்தார் என்பதால்தான் அந்தப் பெற்றோரால் கேட்க முடிந்தது. நீ இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று இன்னொருத்தர் பெயரும் நம்பரும் அந்தத் தாளில் இருக்கட்டும். வேறு யாரும் கிடைக்காவிட்டால் என் நம்பரைப் போடு, தனிமடலில் அனுப்புகிறேன்.